சிடி வேஷம் போட்ட மோடம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டெலிபோன் என்பது துரை பங்களாவிலும் ஆபீசிலும் மட்டும் இருக்கும் சாமான். கோலசிலாங்கூர் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில், வெளியூரில் யாருக்காவது சாவு என்றால் அந்தத் தகவலை முதலில் கேட்பவர் கிராணி ஐயாதான். அவர் ஆபீஸ் பையனிடம் சொல்வார். பையன் சைக்கிளை மிதித்துக்கொண்டு லயத்துக்கு வந்து சொல்வான். வீட்டுக்காரர் பால் மரத்தில் நிற்பார். அவரைத் தேடிப் பிடித்து, சம்பள முன்பணம் வாங்கி, பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் அங்கே காரியம் முடிந்திருக்கும்.

ஒரு செய்தி நம் காதுக்கு வர நடுவில் எத்தனை கை மாற வேண்டியிருந்தது! இன்டர்நெட் வந்த பிறகு எல்லாம் நேராக வருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடுவில் இருக்கும் கைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதில் ஒரு கை முரண்டு பிடித்தால் என்ன ஆகும் என்பதை 2020-ஆம் ஆண்டு எங்கள் குடும்பம் அனுபவித்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் வாசகர்களுக்கு உபயோகப்படும் என்பதால் அதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்து நிலம் வீடமைப்புக்குப் போன பிறகு நாங்கள் அம்பாங்குக்கு வந்தோம். உலு கிளாங் தொழிற்பேட்டையில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வயர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு மாடி கீழே என் தங்கை இருக்கிறாள். புருஷன் காலமாகிவிட்டார். ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்து ஒரே மகளைப் படிக்க வைத்தாள். அந்தப் பெண் அப்போது ஐந்தாம் படிவம்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பள்ளிக்கூடங்களை அடைத்தார்கள். ஜூன் 24-ஆம் தேதி ஐந்தாம் படிவப் பிள்ளைகள் திரும்பப் போனார்கள். அக்டோபரில் சிலாங்கூரில் மீண்டும் அடைப்பு. வீட்டிலிருந்து படிப்பதற்கு 'இல்லிருப்புக் கற்றல்' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். இல்லத்தில் இருப்பதற்குக் கஷ்டமில்லை; கற்பதற்குத்தான் கருவி வேண்டும். எங்கள் தங்கை வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைப்பேசி. ஆஸ்பத்திரி வேலையாட்களுக்கு அடைப்புக் காலத்திலும் லீவு கிடையாது. காலை ஆறு மணிக்கு அவள் கைப்பேசியோடு கிளம்பிவிடுவாள். ஆசிரியர் பாடம் நடத்துவது பத்து மணிக்கு. இரவு எட்டு மணிக்கு அம்மா திரும்பிய பிறகுதான் மகள் காலையில் நடந்த பாடத்தைப் பார்ப்பாள்.

"அண்ணே, நாலு மாசத்துல புள்ளைக்கு எஸ்.பி.எம். நான் போனைக் கொண்டுட்டுப் போயிட்டா அது என்னத்தப் படிக்கும்? வேலையை விட்டுறவா?" என்று ஒருநாள் கேட்டாள். வேலையை விட்டால் வாடகை யார் கட்டுவது? அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி பரீட்சை எழுத அலைவரிசை தேடி மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்த செய்தியை எல்லோரும் படித்திருப்பீர்கள். காட்டில் இருப்பவளுக்கு மரமாவது இருந்தது. தலைநகரத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடியில் இருக்கும் எங்கள் பெண் எதன் மேல் ஏறுவாள்?

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கம்ப்யூட்டர் வந்தது. எனக்குத் தெரிந்தவர் வேலை செய்த ஆபீசைக் காலி செய்தார்கள். பழைய இரும்புக்குப் போக இருந்த ஒரு பெட்டியையும் திரையையும் அவர் எங்களுக்குத் தூக்கிக் கொடுத்தார். பென்டியம் 4 வகை, நினைவகம் 1 ஜிபி. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 ஏப்ரலோடு முழுக்குப் போட்டுவிட்டதால், அந்த ஆபீஸ் ஆள் யாரோ அதில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தார்.

லினக்ஸ் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 21 வயதில், 1991-இல், தொடங்கி வைத்தது. கம்ப்யூட்டரின் எல்லா உறுப்புகளையும் கட்டி மேய்க்கும் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து இதை வளர்த்திருக்கிறார்கள். பழைய, சக்தி குறைந்த கம்ப்யூட்டரிலும் இதன் இலேசான வகைகள் நன்றாக ஓடும். நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

கம்ப்யூட்டர் இருக்கிறது, இன்டர்நெட் எங்கே? வீட்டுக்கு லைன் இழுக்க மாதா மாதம் கட்டணம், இரண்டு வருஷ ஒப்பந்தம். தங்கைக்கு அது முடியாத காரியம். என் மகனின் அலமாரியில் பத்து வருஷத்துக்கு முந்திய ஒரு 3ஜி மோடம் கிடந்தது. கட்டைவிரல் அளவில், ஊ.எஸ்.பி. துவாரத்தில் செருகும் சாமான், ஹுவாவெய் நிறுவனத் தயாரிப்பு. அதற்குள் ஒரு முன்கட்டண சிம் கார்டைப் போட்டால் மாதம் முப்பது வெள்ளிக்குள் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டோம்.

செருகினோம். மோடத்தில் விளக்கு மினுக்கியது. திரையில் ஒரு சிடி படம் வந்து நின்றது. அதைத் திறந்தால் உள்ளே விண்டோசுக்கான புரோகிராம். லினக்ஸில் அது ஓடாது. கைப்பேசிக் கடையில் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த பையன், "அங்கிள், லினக்ஸ் எல்லாம் இதுல வராது. புது லேப்டாப் வாங்கிடுங்க" என்றான். அவன் மேல் தப்பில்லை. விற்பதற்காக உட்கார்த்தி வைக்கப்பட்டவன் விற்கத்தான் பார்ப்பான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பெண் முகம் வாடவில்லை. "மாமா, நீங்க லைட் எரியலன்னா முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"மெயின்ல கரண்ட் இருக்கான்னு பார்ப்பேன். அப்புறம் பியூஸ், அப்புறம் சுவிட்ச், கடைசியில பல்ப். எதுவரைக்கும் கரண்ட் வருதோ அதுக்கு அடுத்த இடத்துலதான் கோளாறு."

"இதையும் அப்படியே பார்ப்போம்" என்றாள்.

லினக்ஸில் ஒரு கறுப்புக் கட்டம் உண்டு. அதில் கட்டளையைத் தட்டினால் கம்ப்யூட்டர் பதில் சொல்லும். ஊ.எஸ்.பி.யில் என்னென்ன செருகியிருக்கிறது என்று கேட்கும் கட்டளையை அவள் தட்டினாள். ஒரு வரியில் 12டி1:1446 என்று வந்தது. முன்பாதி, ஹுவாவெய் நிறுவனத்தின் அடையாள எண். பின்பாதி, அந்தச் சாமான் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறது என்பதற்கான எண். அம்மா வீட்டில் இருக்கும் இரவு நேரங்களில் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்து, மூன்றாம் நாள் காரணத்தைக் கண்டுபிடித்தாள். "மாமா, இது மோடம்தான். ஆனா சிடி மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு இருக்கு!"

விஷயம் இதுதான். இந்த வகை மோடங்களைச் செய்தவர்கள், வாடிக்கையாளருக்குத் தனியாக ஒரு சிடி கொடுக்கும் செலவையும் தொல்லையையும் மிச்சப்படுத்த ஒரு தந்திரம் செய்தார்கள். மோடத்தைச் செருகியவுடன் அது தன்னை சிடி என்று அறிவித்துக்கொள்ளும். விண்டோஸ் அந்த 'சிடி'யைத் திறந்து, உள்ளே இருக்கும் புரோகிராமை ஓட்டும். அந்தப் புரோகிராம் ஓடி முடிந்ததும், "போதும், வேஷத்தைக் கலைத்துவிட்டு மோடமாக வா" என்று ஒரு ரகசிய வார்த்தை சொல்லும். அதற்குப் பிறகுதான் மோடம் மோடமாக மாறும். விண்டோஸ் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் நடப்பதே தெரியாது. லினக்ஸில் அந்தப் புரோகிராம் ஓடாததால், ரகசிய வார்த்தை சொல்ல ஆளில்லை. தெருக்கூத்தில் வேஷம் கட்டியவன், "கலையலாம்" என்று வாத்தியார் சொல்லாததால் விடிய விடிய மேடையிலேயே நின்ற கதைதான்.

இதே முட்டுக்கட்டையில் மோதியவர்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஜோசுவா டீட்சே என்பவர் இதற்காகவே ஒரு சிறு புரோகிராம் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஊ.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்பது அதன் பெயர். எந்தெந்த மோடத்துக்கு என்ன ரகசிய வார்த்தை என்ற பெரிய பட்டியலே அதில் இருக்கிறது. பல நாட்டுக்காரர்கள் தங்கள் கையில் இருந்த மோடத்தைச் சோதித்து அனுப்பிய விவரங்களால் வளர்ந்த பட்டியல் அது.

ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் அந்தப் புரோகிராம் இல்லை. அதை எடுக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வேண்டுமானால் அந்தப் புரோகிராம் வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய மாதிரி ஆயிற்று.

சனிக்கிழமை ராத்திரி தங்கை வேலையிலிருந்து வந்ததும் அவளுடைய கைப்பேசியை வயர் போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள் பெண். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 'டெதரிங்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் கைப்பேசியின் இன்டர்நெட்டைக் கம்ப்யூட்டரும் பயன்படுத்தலாம். லினக்ஸுக்கு இதற்குத் தனிப் புரோகிராம் எதுவும் தேவையில்லை. எத்தனையோ பேருக்கு இது தெரியாது. வீட்டில் பகலிலும் கைப்பேசி இருக்கக்கூடியவர்கள் மோடமே வாங்க வேண்டாம்.

இன்டர்நெட் வந்தது. ஆனால் பள்ளிக்கூடப் பக்கம் எதுவும் திறக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த லினக்ஸ் 2010-ஆம் ஆண்டைச் சேர்ந்த உபுண்டு. இன்டர்நெட் தளங்கள் இப்போதெல்லாம் பாதுகாப்புக்காகப் புதிய பூட்டுகளைப் போட்டிருக்கின்றன. பத்து வருஷத்துப் பழைய பிரவுசருக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. ஆகவே மேஸ்திரியையே மாற்ற வேண்டியதாயிற்று. லுபுண்டு 18.04 என்ற இலேசான வகையை, சுமார் 1 ஜிபி, விடிய விடிய இறக்கினாள். அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரை அதிலிருந்து கிளப்பி, பழையதை அழித்துப் புதியதைப் போட்டாள். இந்த வகையில் மோட்ஸ்விட்ச் முன்கூட்டியே இருந்தது. விடிகாலை நாலு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். என்னவோ ஏதோ என்று பதறி எழுந்தேன். "மாமா, 1446 போயி 1001 ஆயிடுச்சு!" வேஷம் கலைந்துவிட்டது.

மீதி சுலபம். சிம் கார்டு கொடுத்த நிறுவனத்தின் ஏ.பி.என். என்ற பெயரை ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். அந்தப் பெயர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. தப்பான பெயர் எழுதினால் அலைவரிசை முழுசாகக் காட்டும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. இது ரொம்பப் பேரை ஏமாற்றும் இடம்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மோடம் இன்டர்நெட்டுக்குப் போகும்போது *99# என்ற எண்ணை டயல் செய்கிறது. அதற்கு அது பயன்படுத்தும் கட்டளைகள் 1981-இல் ஹேய்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டெலிபோன் மோடத்துக்காக வகுத்தவை. நம் நாட்டில் ஜாரிங் 1992-இல் இன்டர்நெட் சேவையைத் தொடங்கியபோதும், பிறகு டி.எம்.நெட் 1515 என்ற எண்ணைச் சுழற்றச் சொன்ன காலத்திலும், மோடங்கள் கேட்டது அதே கட்டளைகளைத்தான். அந்தக் கால மோடம் கிறீச்சிட்டுக் கத்தியது நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டரின் எண்களை ஒலியாக மாற்றி டெலிபோன் கம்பியில் அனுப்புவதும், வரும் ஒலியைத் திரும்ப எண்களாக்குவதும்தான் மோடத்தின் வேலை. விநாடிக்கு 56 கிலோபிட்தான் அதன் உச்சம். எங்கள் 3ஜி மோடம் ஏட்டளவில் அதைப் போல் அறுபது மடங்குக்கு மேல். கத்தவும் இல்லை.

திங்கட்கிழமை பாடம் தொடங்கியது. ஐந்து நிமிஷம் ஓடும், அறுந்துபோகும். மறுபடி இணைத்தால் மறுபடி அறுந்துபோகும். பெண் கறுப்புக் கட்டத்தில் பார்த்துவிட்டு, "மோடத்தையே பிடுங்கிட்ட மாதிரி காட்டுது மாமா" என்றாள். யாரும் தொடவில்லை. இது என் பிரிவு என்று எனக்குப் புரிந்துவிட்டது. பழைய ஊ.எஸ்.பி. வயர் ஒன்றின் உறையைச் சீவி, சிவப்புக் கம்பியிலும் கறுப்புக் கம்பியிலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், மோடம் அலை அனுப்பும் நேரத்தில் 4.5-க்குக் கீழே இறங்குகிறது. அவள் செருகியிருந்தது பெட்டியின் முன்பக்கத் துவாரத்தில். அங்கே உள்ளிருந்து மெல்லிய வயர்தான் வருகிறது. பின்பக்கத் துவாரம் மதர்போர்டிலேயே பதித்திருப்பதால் மின்சாரம் கெட்டியாக வரும். அலைவரிசை பலவீனமாக இருக்கும் இடத்தில் மோடம் அதிகமாகக் கத்த வேண்டியிருப்பதால் அதிக மின்சாரமும் கேட்கும். எங்கள் புளோக்கில் உட்புற அறையில் அலைவரிசை ஒரு கோடுதான்.

அம்பாங் பட்டணத்துக்குப் போய் ஒன்றரை மீட்டரில், தடித்த கம்பி உள்ள ஒரு நீட்டிப்பு வயர் வாங்கினேன். ஐந்து மீட்டரும் விற்கிறார்கள். நீளம் கூடக் கூட வோல்ட் இறங்கும், ஆகையால் வேண்டாம். பெட்டியின் பின்பக்கத்தில் செருகி, மறுமுனையில் மோடத்தை மாட்டி, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். மழைச்சாரல் படாமலிருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் பை. மூன்று கோடு அலைவரிசை வந்தது. தாய்மாமன் சீர் என்று தங்கத்தில் போட எனக்கு வசதியில்லை. பதினெட்டு வெள்ளிக்கு ஒரு வயர் போட்டேன்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். 1 ஜிபி நினைவகத்தில் ஆசிரியரின் முகம் தெரியும் வீடியோ ஓடவில்லை. திக்கித் திணறி நின்றுவிடும். படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேட்டாள். ஆசிரியர் அனுப்பும் பயிற்சித் தாள்களை இறக்கிச் செய்து, பதில்களை அனுப்பினாள். பிரவுசரில் ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்துக்கு மேல் திறக்க மாட்டாள். தமிழ்மொழிப் பாடத்துக்குக் கட்டுரைகளைத் தமிழிலேயே தட்டினாள். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை இலவசமாகவே கிடைக்கிறது. கம்ப்யூட்டரில் தமிழ் என்றால் நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு அஞ்சலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் நமக்குப் பெருமைதான். மாநாட்டில் பேசப்பட்ட தமிழ், துப்புரவுத் தொழிலாளி வீட்டு மேசையில் வந்து உட்கார இருபது வருஷம் ஆயிற்று என்பதையும் கணக்கில் எழுதி வைப்போம்.

தங்கை முதல் நாள் வேலை முடிந்து வந்து, மகள் பகலிலேயே பாடம் எழுதி முடித்திருந்ததைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. ஜன்னலண்டை போய் அந்தப் பிளாஸ்டிக் பையை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மழ வந்தா நனையாதுல்ல, அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

2020-க்கான எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு 2021 பிப்ரவரி 22-இல் தொடங்கியது. ஜூன் 10-ஆம் தேதி முடிவு. அதை அவள் அதே கம்ப்யூட்டரில்தான் பார்த்தாள். மேல்படிப்புக்கான விண்ணப்பத்தையும் அதிலேயே நிரப்பினாள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமாவுக்கு போலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. என் மீட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வரவில்லை, மீட்டரைச் சொல்கிறேன்.

அந்த 3ஜி மோடம் இப்போது உயிரில்லாத பொருள். 2021 டிசம்பர் 31-உடன் நாட்டில் 3ஜி சேவையை மூடிவிட்டார்கள். மோடம் கெடவில்லை, அது பேசுவதைக் கேட்க அந்தப் பக்கம் யாரும் இல்லை. பழைய சாமான் கடையில் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் இந்த மோடங்கள் கிடைத்தால் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். 4ஜி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாங்கள் எண்பது வெள்ளிக்கு ஒரு 4ஜி மோடம் வாங்கினோம். இது தன்னை நெட்வொர்க் கார்டு என்று சொல்லிக்கொள்ளும் ரகம். லினக்ஸில் செருகினால் டயல் செய்யும் வேலை கூடக் கம்ப்யூட்டருக்கு இல்லை. எல்லாவற்றையும் மோடமே பார்த்துக்கொள்கிறது.

பென்டியம் 4-க்கும் காலம் நெருங்கிவிட்டது. அதைப் போன்ற 32 பிட் கம்ப்யூட்டர்களில் புதிதாகப் போட உபுண்டு எப்போதோ கதவை அடைத்துவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ம் நிறுத்திவிட்டது. அதற்கு முந்திய டெபியன் 12-ஐ ஒரு விடுமுறையில் வந்தபோது பெண் போட்டுக் கொடுத்தாள். இப்போது அந்தப் பெட்டி மூன்றாம் மாடியில் ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் வீட்டில் இருக்கிறது. அவனுடைய தாயார் போன வாரம் என்னிடம் வந்து, இன்டர்நெட் அடிக்கடி அறுந்துபோகிறது என்றார். போய்ப் பார்த்தேன். பையன் மோடத்தை முன்பக்கத்தில் செருகியிருந்தான். நீட்டிப்பு வயர் எங்கே என்று கேட்டேன். பட்டம் கட்ட எடுத்துக்கொண்டானாம்.